முன்னால் சத்தம், பின்னால் தூசி

என் வண்டி சிக்னலில் நின்றால் பக்கத்தில் நிற்கிற பைக்காரர் திரும்பிப் பார்ப்பார். வண்டியின் அழகுக்காக இல்லை, நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது போடுகிற சத்தத்துக்காக. கரும்பலகையில் நகத்தால் கீறியதுபோல ஒரு கீச். வேகமாகப் போய் அழுத்திப் பிடித்தால் வராது. ஊர்ந்து வந்து லேசாகக் கால் வைத்தால் கட்டாயம் வரும். சென்னையில் யார் வேகமாகப் போகிறார்கள்? எப்போதும் வந்தது.

2009 மாடல் ஹேட்ச்பேக். நான் மூன்றாவது ஓனர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஒரு சர்வீஸ் சென்டரில் முன் பேடுகளை மாற்றினார்கள். இரண்டு வாரம் அமைதி, திரும்பவும் கீச். இன்னொரு முறை, விலை கூடிய பேட். மூன்று வாரம். "சார், இந்த மாடலே அப்படித்தான்" என்று அவர்கள் கைவிரித்த அன்றைக்கு ராத்திரி, மதுரையில் இருக்கும் மாமாவுக்கு ஃபோன் போட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பதினாலு வயதில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு வேப்பமரத்தடியில் சொந்தமாகக் கொட்டகை போட்டு, முப்பத்தைந்து வருடம் அம்பாசிடரும் பத்மினியும் மாருதியும் பார்த்தவர். இப்போது எழுபது தாண்டிவிட்டது. பட்டறையை மூடி எட்டு வருடம் ஆகிறது.

"கால் வெக்கிறப்பக் கத்துதா, எடுக்குறப்பக் கத்துதா?"

"வெக்கிறப்ப மாமா. லேசா வெச்சா."

"பிரேக்கையே தொடாம ஓடிக்கிட்டு இருக்கயில?"

"இல்ல."

"கர்ர்னு அரைக்குதா? பள்ளத்துல எறங்குனா டொக்குனு தட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. கீச்சுன்னு மட்டும்."

"சரி. ஹேண்ட் பிரேக்கை எத்தனை பல்லு இழுக்குற?"

நான் எண்ணியதில்லை. அவர் லைனில் இருக்கும்போதே கீழே இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தேன். பதினொன்று. பிறகு இன்ஜினைப் போடச் சொன்னார், பெடலை மிதிக்கச் சொன்னார், காலை எடுத்துவிட்டு உடனே மறுபடி மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் பெடல் கீழே வரைக்கும் போனது. இரண்டாவது மிதியில் மேலேயே நின்றது.

"அம்புட்டுத்தான் மாப்ள. சத்தம் முன்னாடி, சீக்கு பின்னாடி. லீவு கெடைக்கிறப்ப வண்டிய எடுத்துக்கிட்டு வா" என்றார். சொல்லி முடித்ததும் இருமினார். நீளமான, வறண்ட இருமல். ஃபோனை அத்தை வாங்கி "அப்புறம் பேசச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டார்.

மதுரைக்குப் போக எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் பிரேக் சத்தத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தொடங்கியது என் வண்டிக்காக. போய் நின்ற இடம் வேறு.

*

பிரேக் சத்தத்தின் வரலாறு பர்மிங்ஹாமில் ஆரம்பிக்கிறது. ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்று ஒரு இன்ஜினியர். கார் செய்தார், விமானம் பறப்பதன் கணிதத்தை எழுதினார், போரில் இரண்டு படைகள் மோதினால் எது எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதற்குக்கூடச் சமன்பாடு போட்டார். 1902-ல் அவர் ஒரு பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு உலோகத் தட்டு. அதை இரண்டு பக்கமும் இடுக்கிபோலப் பிடிக்கும் கட்டைகள். இன்றைக்கு என் வண்டியின் முன்சக்கரத்தில் இருக்கிற டிஸ்க் பிரேக்கின் தாத்தா அதுதான்.

தட்டைப் பிடிக்கும் பரப்புக்கு லான்செஸ்டர் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தின்மேல் உலோகம். எப்படிக் கத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மண் ரோட்டுத் தூசியில் செம்பு சீக்கிரம் தேயவும் செய்தது. அருமையான யோசனை, ஆனால் காதுக்கும் பைக்கும் ஒத்துவராத யோசனை. அதே 1902-ல் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு குண்டானுக்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. மிதித்தால் அவை விரிந்து குண்டானின் உள்சுவரில் உரசும். தூசியும் மண்ணும் வெளியே நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு: சுற்றுகிற டிரம் முன்பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், அதனால் ஷூ இன்னும் இறுக்கமாக அமரும். கொஞ்சம் மிதித்தால் நிறையப் பிடிக்கும். அடுத்த ஐம்பது வருடம் ஜெயித்தது டிரம்தான். டிஸ்க் தூங்கப் போய்விட்டது.

எதைக் கொண்டு உரசுவது என்கிற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. அதற்குப் பதில் சொன்னவர் டெர்பிஷயர் மலைப்பக்கத்து ஹெர்பர்ட் ஃப்ரூட். அந்த வட்டாரத்தில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரக்கட்டையைச் சக்கரத்தின்மேல் அழுத்தி வண்டியை நிறுத்துவார்கள். மழையில் கட்டை வழுக்கும். ஒரு வண்டிக்காரர் பழைய பூட்ஸ் தோலைக் கட்டையில் ஆணியடித்து வைத்திருந்ததை ஃப்ரூட் பார்த்தாராம், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது கதை. இந்த மாதிரிக் கதைகளில் நான் பாதிதான் நம்புவேன். ஆனால் 1897-லிருந்து அவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் பிரேக் கட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது நிஜம். அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் ஃபெரோடோ. தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தை நடுவில் செருகிச் செய்த பெயர்.

முதலில் பருத்தித் துணியைப் பிசினில் ஊறவைத்து லைனிங் செய்தார். குதிரை வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டிக்குப் போதவில்லை. கார் பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி, வேறொன்றுமில்லை. அந்தச் சூட்டில் பருத்தி கருகியது. கருகாத நார் ஒன்று வேண்டும். நெய்யக்கூடிய, தீப்பிடிக்காத, கல்லிலிருந்து எடுக்கப்படும் நார். நம் ஊரில் கல்நார் என்று சொல்வோமே, ஆஸ்பெஸ்டாஸ், அது. 1908 வாக்கில் ஃப்ரூட் கல்நார் லைனிங்குக்கு வந்துவிட்டார்.

கல்நார் எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்த்தது. சூடு தாங்கியது. டிரம்மை அறுக்காமல் உரசியது. மலிவு. எல்லாவற்றுக்கும் மேலே, மென்மையானது, அதனால் சத்தம் போடாதது. லான்செஸ்டரின் செம்பு கத்திய இடத்தில் ஃப்ரூடின் கல்நார் வாயை மூடிக்கொண்டது. பிறகு எழுபது எண்பது வருடம் உலகத்துக் கார்கள் ஓரளவு அமைதியாக நின்றன என்றால் அதற்குக் காரணம் இந்த நார்தான்.

*

நடுவில் நடந்த சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் வரைக்கும் கார்களுக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். முன்சக்கரத்தில் பிரேக் வைத்தால் வண்டி குப்புற விழும், ஸ்டியரிங் கேட்காது என்று பயந்தார்கள். 1920-களில் நான்கு சக்கரத்திலும் பிரேக் வந்தபோது பிரிட்டனில் அந்தக் கார்களின் முதுகில் சிவப்பு முக்கோணம் மாட்டினார்கள். 'நான் சட்டென்று நின்றுவிடுவேன், பின்னால் வருகிறவரே, தள்ளி வாரும்' என்று அர்த்தம். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. கம்பியும் நெம்புகோலும் செய்த வேலையை எண்ணெய் செய்தது. அதற்கான முறையைக் கொடுத்தவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி லாக்ஹீடை ஆரம்பித்த ஆலனின் சகோதரர்.

டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுந்தது 1953-ல். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் முதலில் வந்தது. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. சீக்கிரம் நிறுத்த முடிந்தவனால்தான் வேகமாக ஓட்ட முடியும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது. 1955-ல் சித்ரோன் டிஎஸ் கார் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் என்று வந்தது. அந்தச் சேர்க்கை இன்னும் போகவில்லை. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. வேலையில் முக்கால் பங்குவரை முன்சக்கரம்தான் செய்கிறது, அதனால் சூடு ஆறக்கூடிய டிஸ்க் அங்கே. பின்னால் வேலை குறைவு, விலையும் குறைவாக இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கையும் சுலபமாகக் கோக்கலாம், அதனால் டிரம். நம்ம ஊர்ச் சின்னக் கார்கள் இன்னமும் பெரும்பாலும் இப்படித்தான்.

பின் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அதை அவ்வப்போது யாராவது குறைக்க வேண்டும். ஷூக்களுக்கு நடுவே பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், ஸ்டார் வீல். திருப்பினால் ஷூக்கள் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். பிற்காலத்து வண்டிகளில் இது தானாகத் திரும்புகிற மாதிரிச் செய்துவிட்டார்கள். துருவும் தூசியும் சேர்ந்தால் அந்தத் 'தானாக' நின்றுவிடும். வெளியே தெரியாது. பெடல் கொஞ்சம் கீழே போகும், ஹேண்ட் பிரேக் கொஞ்சம் மேலே வரும், ஓட்டுகிறவர் கால் அதற்குப் பழகிவிடும். பின்சக்கரம் வேலைக்கு வராமல் பேருக்கு உருண்டுகொண்டிருக்கும்போது, அதன் பங்கையும் சேர்த்து முன்சக்கரம் சுமக்கும். பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, மேற்பரப்பு கண்ணாடிபோல இறுகி, லேசாகத் தொட்டாலே டிஸ்க்கின்மேல் அதிர ஆரம்பிக்கும். அந்த அதிர்வு வினாடிக்கு ஆயிரம் முறையைத் தாண்டும். காதில் அது கீச்.

புது பேட் போட்டால் இரண்டு வாரம் அமைதி, பிறகு மறுபடி கீச் என்பதன் அர்த்தம் இதுதான். மாமா இரண்டு மிதியில் கண்டுபிடித்ததும் இதைத்தான். பின்னால் இடைவெளி அதிகமாக இருந்தால் முதல் மிதி ஷூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே செலவாகிவிடும். சட்டென்று மிதிக்கிற இரண்டாவது மிதிக்குத்தான் பிடிப்பு.

*

மாமாவின் பட்டறைக்குப் பள்ளி விடுமுறைகளில் போவேன். அம்பாசிடருக்குப் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். 'பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்' என்பது அங்கே தினப்படிக் காரியம், சைக்கிள் கடையில் காற்றடிப்பது மாதிரி. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். திருப்புளியால் ஒரு திருப்பு. மறுபடி சுற்று. உஸ்ஸ் என்று ஒரு உரசல் கேட்கும்வரை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துவார். "சாமி கும்புடுறப்போ தாவணி தரையில ஒரசுமே, அம்புட்டுத்தான் கேக்கணும்" என்பார். இந்த உவமைக்காக அத்தையிடம் திட்டும் வாங்குவார்.

வாரத்தில் நாலைந்து வண்டிக்கு டிரம்மைக் கழற்றுவார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் மாவுபோலத் தூசி குவிந்திருக்கும். மாமா கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து ஒரு அடி அடிப்பார். கொட்டகை முழுக்கப் புகைபோல எழும்பும். கம்ப்ரஸர் வருவதற்கு முன்னால் வாயால்தான் ஊதுவாராம். லைனிங் மினுமினுப்பாகிப் போயிருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பார். புது லைனிங் அடித்த ஷூ டிரம்மில் சரியாக உட்காரவில்லை என்றால் அரம் போட்டு ராவுவார். எனக்கு அந்தத் தூசியில் விரலால் பேர் எழுதுவது பிடிக்கும். நான் எழுதியிருக்கிறேன். என் பேர், ஊர், ஒரு முறை ஒரு பெண்ணின் பேர்.

அந்த லைனிங்குகள் எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வந்தவை இல்லை. சென்னைக்குப் பிரேக்கோடு நீண்ட உறவு உண்டு. 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் ரானே பிரேக் லைனிங், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். நாட்டின் லாரியும் பஸ்ஸும் காரும் நிற்பதற்கான சாமானில் பெரும் பங்கு இந்த ஊரில் உருவானது. அன்றைக்கு உலகம் முழுக்க லைனிங் என்றாலே கல்நார்தான். யாரையும் தனியாகக் குறை சொல்ல அதில் இடமில்லை.

குறை சொல்ல இடமிருப்பது வேறொரு விஷயத்தில். கல்நார் என்ன செய்யும் என்று எப்போது தெரிந்தது, யாருக்குச் சொன்னார்கள் என்பதில்.

*

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்கிற பெண் கல்நார் நூற்கும் ஆலையில் வேலை பார்த்தார். 1924-ல் நுரையீரல் இறுகிச் செத்துப்போனார். வயது 33. வேலை பார்த்த டர்னர் பிரதர்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க மறுத்தது. கொடுத்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா. அதே வருடம் டாக்டர் குக் அவருடைய நுரையீரலைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கல்நார் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வந்தது அந்தத் தொடர்ச்சியில்தான். அந்தக் கம்பெனியை உள்ளடக்கிய டர்னர் அண்ட் நியூவால் குழுமம் 1920-களின் நடுவில் ஒரு பிரேக் லைனிங் கம்பெனியை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. ஃப்ரூடின் ஃபெரோடோ. இந்த வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்திருந்தேன்.

1930-ல் பிரிட்டிஷ் அரசுக்காக மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் கல்நார் நெசவு ஆலைகளில் 363 தொழிலாளர்களைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். நாலில் ஒருவருக்கு நுரையீரல் இறுக்கம். 1931-ல் சட்டம் வந்தது: தூசியை உறிஞ்சும் கருவி வை, மருத்துவப் பரிசோதனை செய். நல்ல சட்டம். ஆனால் அது கல்நாரைச் செய்கிற ஆலைகளுக்கு. அந்த லைனிங் ஒரு வண்டியில் ஏறி, தேய்ந்து, மாவாகி, எங்கேயோ ஒரு பட்டறையில் ஒருவன் முகத்துக்கு நேரே திறக்கப்படும்போது அவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அமெரிக்க அரசின் தொழில்நல நிறுவனம் பிரேக், கிளட்ச் வேலை செய்கிற மெக்கானிக்குகளை நேரடியாக எச்சரித்து அறிவிப்பு வெளியிட்டது 1975-ல். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரைத் தடை செய்தது 1999-ல்.

இந்தியாவில் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியம் அவருடைய வாழும் உரிமையின் பகுதி என்றது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுபெற்ற பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேடு வைக்கச் சொன்னது. அதுவும் தொழிற்சாலைக்கு. வேப்பமரத்தடிக் கொட்டகையில் பதிவேடு எங்கே வைப்பது? மாமாவிடம் இருந்ததெல்லாம் ஒரு டெய்லி காலண்டர், அதன் பின்பக்கத்தில் யார் எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு. வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்யவும் பயன்படுத்தவும் இந்த நாட்டில் இன்றைக்கும் ஒட்டுமொத்தத் தடை இல்லை. பெரிய கம்பெனிகளின் புது வண்டிகளில் கல்நார் இல்லாத லைனிங் வந்துவிட்டது. முச்சந்திக் கடையில் லைனிங் அடித்துக் கொடுக்கும் பழைய ஷூவில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரேக்கின் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி ஃபார்ஸ்டரைட் என்கிற வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. தேய்ந்த தூசியில் மிஞ்சும் நார் கொஞ்சம்தான். மெக்கானிக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பலவற்றில் கல்நார்ப் புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் சிலவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று சண்டை நடக்கிறது. புது லைனிங்கை அரம் போட்டு ராவும்போதும் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் கிளம்புவது சூடுபட்ட தூசி இல்லை, அது அப்படியே நார். மாமா இரண்டையும் செய்தவர்.

*

மாமாவுக்கு வந்திருப்பது நுரையீரல் இறுக்கம் என்று ஸ்கேன் சொல்கிறது. காரணம் என்ன என்று எழுதவில்லை. அவர் பீடி குடித்தவர், இருபது வருடம் முன்னால் விட்டவர். அத்தை விறகடுப்பில் சமைத்த காலமும் உண்டு. கல்நார் நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம் எடுக்கும். அதற்குள் காரணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். டாக்டர் 'என்ன வேலை பார்த்தீங்க' என்று கேட்டாராம். மாமா 'மெக்கானிக்' என்றாராம். 'ஓ, புகை' என்று எழுதிக்கொண்டாராம். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியாதுதானே.

நான் படித்ததைச் சொல்வதா வேண்டாமா என்று மதுரை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? இறுகிய நுரையீரல் இளகாது. சொல்லாமல் இருந்தால், அவருடைய உடம்பின் வரலாறு எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாததாக இருக்கும். அதுவும் சரியாகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு முன்னால் வேப்பமரம் இல்லை, முருங்கை. மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குனிய முடியவில்லை. "நீ செய், நான் சொல்றேன்" என்றார்.

முதலில் முன்பக்கம். சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரைத் தூக்கி, பேடை எடுத்துக் காட்டினேன். மேல்பரப்பு பளபளத்தது. "பாத்தியா, கண்ணாடி. தடிமன் இருக்கு, ஆனா உசுரு இல்ல." பேடின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய தகடு ஒரு பக்கத்தில் இல்லவே இல்லை. போன முறை மாட்டியவர்கள் விட்டிருக்கிறார்கள். கேலிப்பர் நகரும் பின் இரண்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று வழுக்கியது, இன்னொன்று வறண்டிருந்தது. துடைத்து, அதற்கென்று இருக்கிற கிரீஸ் வைத்தேன். டிஸ்க்கில் விரல் நகத்தை ஓட்டச் சொன்னார், வரப்பு தட்டவில்லை. புது பேட், இரண்டு பக்கமும் தகடு, முதுகில் மட்டும் ஒரு பூச்சு கிரீஸ்.

பிறகு பின்பக்கம். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்தேன். டிரம் அசையவில்லை. சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி எடுக்க அரை மணி நேரம். வந்தது. உள்ளே அதே சாம்பல் மாவு.

மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். கன்னம் உப்பியது. ஐம்பது வருடப் பழக்கம், ஊதப் போகிறார்.

"மாமா, வேணாம்!" என்று கையை நடுவில் நீட்டிவிட்டேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா?"

சொன்னேன். செம்பு, பூட்ஸ், கல்நார், ராச்டேல் பெண், எல்லாம் இல்லை. தூசியைப் பற்றி மட்டும். பாதி தெரியும், பாதி உறுதியில்லை என்றும் சொன்னேன். அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பயலும் ஊதுவான்ல" என்றார். பட்டறையில் அவரிடம் வேலை கற்றவர்களில் ஒருவரைச் சொல்கிறார் என்று புரிந்தது. இப்போது தனியாகக் கடை வைத்திருக்கிறார். "மூணு பேரு. மூணு பேருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன், ஊதிட்டுப் பாருடான்னு."

நான் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்துவந்திருந்தேன். தூசி நனைந்து சேறாகும்வரை அடித்து, ஈரத்துணியால் வழித்து, துணியை அப்படியே கவருக்குள் போட்டுக் கட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். தொழிலில் ஒரு புது முறையைப் பார்க்கிறவரின் பார்வை. "எவ்வளவு சோப்பு?" என்று கேட்டார்.

ஸ்டார் வீல் துருவில் இறுகியிருந்தது. கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, மரையில் கிரீஸ் தொட்டு, கையால் சுற்றுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்க்கச் சொன்னார், கசிவு இல்லை. லைனிங் பாதிக்கு மேல் இருந்தது. வேலையே செய்யாதது எப்படித் தேயும்? டிரம்மை மாட்டி, பின்தட்டின் ஓட்டை வழியாகத் திருப்புளியை விட்டுப் பல் பல்லாகத் திருப்பினேன். சக்கரம் இறுகியது. பெடலை இரண்டு தரம் மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்தேன். பிறகு ஒவ்வொரு பல்லாகத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.

"இன்னொண்ணு" என்றார். "இன்னொண்ணு. நிறுத்து."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. மறுபடி சுற்றிக் காதைக் கிட்டே கொண்டுபோனேன். உஸ்ஸ்.

மறுபக்கமும் அதேபோல. கடைசியில் ஹேண்ட் பிரேக் கேபிள். அதை முதலில் தொடுகிறவனுக்குத் தொழில் தெரியாது என்பது மாமாவின் கட்சி. ஷூ சரியில்லாமல் கேபிளை இழுத்தால் நோயை மறைக்கலாம், தீர்க்க முடியாது. இழுத்துப் பார்த்தேன். ஆறு பல்.

தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினோம். பெடல் மேலேயே நின்றது. மாமா முன்சீட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் லேசாகக் கால் வைத்தபோது, ரொம்ப மெல்லிசாக ஒரு கீச் வந்தது. நான் அவரைப் பார்த்தேன்.

"புது பேடு, இன்னும் ஒக்காரல. இப்ப வர்ற பேடெல்லாம் இரும்புத்தூள் கலந்தது, அப்பப்பக் கத்தும். பழைய சரக்கு மாதிரி சும்மா இருக்காது" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, "அங்கிட்டுத் திருப்பு, முனிச்சாலை வழியாப் போ. அவன் கடை அங்கதான். ஞாயித்துக்கிழமையும் தொறந்திருப்பான்" என்றார். பின்சீட்டில் கிடந்த ஸ்பிரே பாட்டிலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.